பாடகி நின்ற இடம்

அன்று காலை வெயில் அடித்ததா, மப்பும் மந்தாரமுமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டில் இருக்கும் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஜன்னல் திரை விலகியிருந்தது, நல்ல வெயில் என்கிறார் அப்பா. மூடித்தான் இருந்தது என்கிறாள் மகள். திரையைத் தைத்த அம்மாவோ, அது அப்போது ஜன்னலிலேயே இல்லை, தையல் மிஷினில் கிடந்தது என்று அடித்துச் சொல்கிறாள். ஆகவே வெயிலை விட்டுவிடுவோம். நடந்ததைச் சொல்கிறேன். அதிலும் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரக் கதையில் அந்த அப்பாவை, அதாவது காதுக்காரரை, மருத்துவமனைப் படிக்கட்டில் விட்டுவிட்டு வந்தோம். வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, உடனே வைத்தியம் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தார். செருப்புத் தைக்கப் போனேன் என்று சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

காதுக்காரர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வந்ததல்ல. நாடக அரங்கில் ஒலியமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் ஒரு மைக்கின் ஒயர் லேசாக விட்டிருந்தால், கடைசி வரிசையில் நின்றபடியே எந்த மைக் என்று சொல்லுவார். நடிகர்கள் முதல் டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் காதுக்காரர்தான். வாசலுக்கு வரும் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இனி அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் சொல்லவும் இல்லை.

மகள் மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு ஸ்பீக்கர் பெட்டி செய்கிறேன் என்று வீட்டின் பின்னறையை மரத்தூளால் நிரப்பினாள். இதுவரை செய்தவை எல்லாம் தெரிந்தவர்கள் வீட்டுக்குத்தான் போயின. இந்த ஜோடிதான் முதன்முதலாக ஊரார் காதுக்குப் போகவேண்டியது. நகர நூலகத்தில் பாட்டுக் கேட்பதற்கென்றே புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். அதற்கு ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருந்த நூலகத் தலைவி, அன்று பிற்பகல் வீட்டுக்கே வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் மகள் பழைய பட்டறைக்கே திரும்புவதாக முடிவு. யாரும் திணித்ததல்ல, அவளே சொன்னது.

அந்த வீட்டில் ஸ்பீக்கரை நிறுத்திப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. கூடத்தில் இரண்டு பெட்டிகளையும் இடைவெளி விட்டு வைப்பார்கள். எதிரே ஒரு நாற்காலி. அதில் காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். ஓடுவது எப்போதும் ஒரே பதிவு, அரங்கத்தில் அவரே செய்தது. நடுவில் ஒரு பெண் பாடுகிறாள். இடப்பக்கம் புல்லாங்குழல். வலப்பக்கம் சற்றுப் பின்னால் ஒரு டிரம். யார் எங்கே நின்றார்கள் என்று அன்று கண்ணால் பார்த்தவர் அவர்.

பெட்டிகள் சரியாக நின்றுவிட்டால் பெட்டிகளே காணாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்தில் அந்தப் பெண் வந்து நிற்பாள். குழல் அவளுக்கு ஒரு முழம் தள்ளி ஒலிக்கும். டிரம் சுவரையும் தாண்டி அப்பால் இருந்து வரும். கூடத்துச் சுவரையே யாரோ கழற்றி எடுத்துவிட்டது போல இருக்கும்.

அவர் விரலை நீட்டிப் பாடகி நிற்கும் இடத்தைக் காட்டுவார். விரல் நடுவை விட்டு விலகினால் மகள் பெட்டியை நகர்த்துவாள். "ஆள் நின்னாச்சாப்பா?" என்பாள். "நின்னாச்சு" என்று அவர் சொல்லும்வரை விடமாட்டாள். அளவு எடுப்பதில்லை. இன்னொருவரைக் கேட்பதில்லை. அவர் காது சொன்னால் சொன்னதுதான்.

அன்று காலையும் அவர் உட்கார்ந்தார். விரல் இடப்பக்கம் சாய்ந்தது. மகள் வலது பெட்டியை அவர் பக்கமாக நான்கு விரல் இழுத்தாள். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் இழுத்தாள்.

"நின்னாச்சு" என்றார்.

மூன்று வாரமாக இதே கதைதான். இடது பெட்டி சுவரோரம் நிற்க, வலது பெட்டி கோபித்துக்கொண்டு வரிசையை விட்டு வந்த ஆள் மாதிரி கூடத்தின் பாதிக்கு வந்துவிட்டது. அது எப்படி என்று மகளுக்கும் விளங்கவில்லை. வலது பெட்டியை இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டாள். ஒயரை மாற்றினாள். கீச்சு ஒலிகளுக்கென்று மேலே இருக்கும் சின்ன ட்வீட்டரைக் கழற்றிவிட்டு வேறு போட்டாள். பலகை அறுத்ததில் எங்கோ கை தவறிவிட்டது என்று சாப்பிடும்போதும் அதே நினைப்பு. சோறு ஆறிப்போகும்.

காதுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மருத்துவர் சொன்னது வேறு, இது வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மருத்துவர் வைத்துப் பார்த்தது வெறும் பீப் சத்தம். சத்தம் கொஞ்சம் குறையலாம். ஆனால் இடம் எப்படித் தப்பும்? இத்தனை காலம் வேலை செய்த காதுக்கு ஒரு நிதானம் இருக்காதா?

அப்போதுதான் அம்மா ஜன்னல் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் தையல்காரி. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்திருக்க முடியாது. வெறும் கண்ணாடியில் சத்தம் பட்டுத் தெறிக்கிறது என்று மகள் கேட்டதற்காகக் கனத்த துணியில் தைத்த திரை அது. பாரம் தாங்காமல், அப்பா எழுந்த நாற்காலியில் அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து அதுவரை யாரும் கண்டதில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்டி, அந்தப் பொண்ணு எதுக்குப் பீரோவுக்குள்ள போய் நின்னு பாடுறா?"

பீரோ கூடத்தின் வலது மூலையில் இருந்தது.

மகள் பெட்டியின் மேல் தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தாம்மா கேக்குது. ரம்பச் சத்தத்துல கெட்டுப்போன காது என்னோடது. உனக்கு மிஷின் சத்தம். அப்பாவுக்குத்தான் சரியா கேக்கும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பக்கமாவா கெட்டுப்போகும்?" என்றாள் அம்மா.

பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் மூவரும் அது இன்னும் ஓடுவது போலவே இருந்தார்கள். திரையில் ஒரு வளையம் குறைகிறது என்று அம்மா எழுந்து போனாள். பெட்டிக்கு மெருகு போடும் துணியைத் தேடி மகள் பின்னறைக்குப் போனாள்.

காதுக்காரர் கூடத்தில் தனியாக நின்றார். மகள் சொன்ன ஒன்று மட்டும் அவருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கும் பீரோவில்தான் கேட்டிருக்கிறது. மூன்று வாரமாகக் கேட்டிருக்கிறது. அவர் காதின் மேல் வைத்த நம்பிக்கையில், தன் காதைத் தானே பொய்க் காது ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

அரங்கத்தில் சந்தேகம் வந்தால் அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்காருவார். அப்படி உட்கார்ந்தால் காதுகள் பக்கம் மாறிவிடும். காது நன்றாக இருந்தால், முன்னால் நடுவில் நின்றவள் பின்னாலும் நடுவில்தான் நிற்பாள். காதில் கோளாறு என்றால் ஓடிவிடுவாள்.

மூன்று வாரத்தில் அதை அவர் ஒரு முறைகூடச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று இப்போது அவருக்கே புரிந்தது.

நாற்காலியைத் திருப்பினார். பாட்டை மறுபடி போட்டார். கண்ணை மூடினார்.

நல்ல காது இப்போது பீரோவின் பக்கம் இருந்தது. பாடகி அங்கேதான் நின்றாள். குழலும் அவளோடு ஒண்டிக்கொண்டு நின்றது. மற்றப் பக்கம் ஒரு வெற்றுச் சுவர், அவ்வளவுதான்.

பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை. முடிந்த பிறகும் அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிர்வாசலில் மகள் மெருகுத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். திருப்பிப் போட்ட நாற்காலிக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாததல்ல. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்தக் காதுப்பா?" என்றாள்.

"வலது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஜலதோஷம் பிடித்த பிறகு காதுக்குள் இரைச்சல் வந்தது, அது நின்றபோது சத்தமும் கூடவே நின்றுபோனது, மருத்துவர் சொன்னது, செருப்புப் பொய். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயோ அப்பா என்று அவள் தலையில் கைவைத்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தார். அவர் எதையும் தாங்குவார், பரிதாபத்தைத் தாங்கமாட்டார்.

அவள் பரிதாபப்படவில்லை. வலது பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா இந்தப் பெட்டியைத் திட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா. என் கையைத் திட்டினேன். என் காதைத் திட்டினேன்."

உள்ளறையில் தையல் மிஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது. காதுக்காரர் நாற்காலியில் அவள் பக்கமாகத் திரும்பினார்.

"உன் பெட்டி முதல் நாளே சரியாத்தான் இருந்திச்சு" என்றார் கடைசியில். "உன் காதும்தான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையில் இருந்தது மெருகுத் துணி என்பதை மறந்துவிட்டாள். கன்னத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதோடுதான் அன்று முழுவதும் இருந்தாள்.

நூலகத் தலைவி வர அதிக நேரம் இல்லை. பெட்டிகளை முதலிலிருந்து நிறுத்தியாக வேண்டும். யார் நாற்காலியில் உட்காருவது என்ற கேள்வி வந்தது. மகள் மாட்டேன் என்றாள். செய்தவளுக்கு எங்கே கேட்கவேண்டும் என்று ஆசையோ அங்கேதான் கேட்கும் என்றாள்.

"பீரோவுல கேட்டவளைக் கூப்பிடு" என்றார். பிறகு, "வேண்டாம், நானே கூப்பிடுறேன்" என்று எழுந்தார்.

தையல் மிஷினின் பக்கத்தில் நின்று மனைவியிடமும் அதையே இரண்டாம் முறை சொன்னார். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார், இல்லை. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"செருப்புல புதுத் தையலே இல்லைன்னு அன்னைக்கே பாத்துட்டேங்க. ஏதோ மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. இதுன்னு தெரியல." சற்றுப் பொறுத்து, "காலையில முதல் வேலையா ஆஸ்பத்திரி. நானும் வருவேன்" என்றாள். அதற்குமேல் பேச இடம் வைக்கவில்லை. "இப்போ என்ன, அந்தப் பொண்ணைப் பீரோவுல இருந்து வெளிய கூட்டிட்டு வரணும், அவ்வளவுதானே?"

அவள் முதலில் உட்காரவில்லை. டேப்பைக் கழற்றிப் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பிடித்தாள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்குப் பிடித்தாள். மூன்று பக்கமும் ஒரே அளவாக வரும்வரை அப்பாவையும் மகளையும் படாதபாடு படுத்தினாள். தோள்பட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய சட்டையை யார் போடுவார் என்று கேட்டாள். இரண்டு பெட்டிகளையும் பின்சுவரிலிருந்து ஒரு கை நீளம் முன்னால் கொண்டுவந்தார்கள். பீரோவின் கண்ணாடிக் கதவு எதிரொலிக்காமல் இருக்க அதன்மேல் போர்வை போட்டார்கள். ஜன்னலில் திரை ஏறியது. பிறகுதான் உட்கார்ந்தாள்.

பாட்டு ஓடியது. காதுக்காரர் இடது பெட்டியின் அருகே முட்டி போட்டிருந்தார். அவர் உட்கார்ந்து விரல் காட்டியே பழகியவர். பெட்டியின் கனம் என்ன என்று அன்றுதான் அவர் தோளுக்குத் தெரிந்தது.

நடுவில்தான் நிற்கிறாள் என்றாள் அம்மா. ஆனால் ஆள் ரொம்ப அகலமாக இருக்கிறாளாம். "பிடிச்சுத் தைக்கணும்" என்றாள்.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பெட்டிகளின் முகத்தையும் நாற்காலியைப் பார்க்கக் கொஞ்சம் உள்ளே திருப்பினார்கள்.

"இப்போ ரொம்ப இறுக்கம். குழல்காரன் அவ தோள் மேல ஏறி உக்காந்துட்டான். கொஞ்சம் விடுங்க."

விட்டார்கள்.

"இன்னும் ஒரு நூல்."

ஒரு நூல் விட்டார்கள். பாடகி தரையில் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கிறது, அவளை நிற்க வையுங்கள் என்றாள். ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வராததுதான் காரணம் என்று மகளுக்கு உடனே பிடிபட்டது. பின்னறையிலிருந்து பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து அடியில் கொடுத்தாள். அப்பா பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். மூச்சு வாங்கியது. மெதுவாக இறக்கினார்.

அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். கை தானாக உயர்ந்து, விரல் நேராக, நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டியது. பிறகு அந்த விரல் ஒரு முழம் இடப்பக்கம் போய்க் குழலைத் தொட்டது. அப்புறம் வலப்பக்கம், பின்னால், சுவருக்கும் அப்பால். டிரம் அங்கேதான் இருந்தது. அன்று மேடையில் அவர் கண்ணால் பார்த்த அதே இடம்.

அவருக்கு அது கேட்கவில்லை. முட்டி போட்டிருந்த இடத்திலிருந்து அவருக்குக் கேட்டது ஒரு பெட்டியின் சத்தம் மட்டும்தான். ஆனால் அந்த விரல் போன வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனதை அவரால் அடக்க முடியவில்லை.

"அவ மூச்சு இழுக்குறதுகூடக் கேக்குதுடி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

"ஆள் நின்னாச்சாம்மா?" என்றாள் மகள்.

"எப்பவோ நின்னாச்சு. பேசாம இரு, பாடட்டும்."

நூலகத் தலைவி சொன்ன நேரத்துக்கு வந்தார். அதிகம் பேசாத, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற மனுஷி. தேநீர் வேண்டாம் என்றுவிட்டு நேராக நாற்காலிக்குப் போனார். பாட்டு முழுவதும் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். பாதியில் எழுந்து போய், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே குனிந்து, பின்னால் ஏதும் மூன்றாவது பெட்டி ஒளித்து வைத்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டார்.

கேட்டு முடித்த பிறகு பலகையைத் தடவிப் பார்த்தார். இணைப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை என்று சொன்னார். மகளின் காது மடல் சிவந்தது.

"பெட்டி நல்லா இருக்கு. ஆனா நல்ல பெட்டியை நான் நிறைய பாத்திருக்கேன், இந்த மாதிரி நிறுத்தி வெச்சுப் பாத்ததில்லை. இது யார் காது?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் காதுக்காரரைப் பார்த்தார். "உங்க பேரு கேள்விப்பட்டிருக்கேன் சார்."

மகள் முந்திக்கொண்டாள். ஆமாம், அப்பாதான் என்றாள். அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழாமல் குறுக்கே போய் நின்றாள், அவ்வளவுதான்.

காதுக்காரர் அவளைப் பார்த்தார். கன்னத்தில் இன்னும் அந்தப் பழுப்புக் கோடு இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெயர் அவரோடு இருக்கும். இன்னும் கொஞ்ச காலத்துக்காவது இருக்கும்.

"இல்லைம்மா" என்றார் தலைவியிடம். "எனக்கு ஒரு காது போயிடுச்சு. நான் வெச்ச இடமெல்லாம் தப்பா இருந்திச்சு. பெட்டி என் பொண்ணோடது. காது என் சம்சாரத்தோடது."

வாசலோரம் நின்றிருந்த அம்மா டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நீங்க?" என்றார் தலைவி.

"நான் தள்ளுனேன்" என்றார் காதுக்காரர்.

அதை அவர் சொன்ன விதத்தை அம்மா பிற்பாடு பல பேரிடம் நடித்துக் காட்டினாள். அரங்கம் நிறைந்த நாளில்கூட அவர் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை என்பாள்.

அதன்பின் நடந்தவை இவை. பெட்டிகள் இரண்டும் அந்த வார இறுதியில் நூலகத்துக்குப் போயின. மகள் பட்டறைக்குத் திரும்பவில்லை. இரண்டாவது ஜோடிக்குப் பலகை அறுக்கத் தொடங்கிவிட்டாள். சரிதானா என்று இப்போது தன் காதையே கேட்டுக்கொள்கிறாள். காதுக்காரர் மறுநாளே வைத்தியம் ஆரம்பித்தார். தாமதம்தான், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தபால்காரர் இன்னும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார், அவரும் திரும்பிப் பார்க்கிறார், எப்போதும் இடப்பக்கமாக.

நூலகத் தலைவி போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நூலகத்து அறை நீளம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அங்கே இந்தப் பெட்டிகளை நிறுத்த ஒருவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாக வேண்டும், அது இன்று உட்கார்ந்தவராகவே இருந்தால் நல்லது என்றார். கையில் நிறையத் தையல் வேலை கிடக்கிறது என்றாள் அம்மா. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நிறுத்த ஆள் வராததால் பெட்டிகள் நூலகத்தில் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.